கோவையில் உட்கார்ந்து அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை: வரி எங்கே, கம்பெனி எதற்கு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கோவையில் இருந்த வேலையை விட்டுவிட்டீர்கள். டெக்சாஸில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதப் போகிறீர்கள். ஊழியராக இல்லை, கான்ட்ராக்டராக. மாதம் ஏறக்குறைய 4 லட்சம் ரூபாய் டாலரில் வரும். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஒரு எல்எல்சி (அங்கே பதிவாகும் ஒரு வகை கம்பெனி) திறந்தால் வரியே கிடையாது என்கிறார் ஒரு நண்பர். இங்கேயே பிரைவேட் லிமிடெட் ஆரம்பி என்கிறார் இன்னொருவர். ஜிஎஸ்டி வேண்டுமா, இரண்டு நாட்டுக்கும் வரி கட்ட வேண்டி வருமா என்ற பயமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. எந்தக் கம்பெனி திறப்பது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்த எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: இந்தப் பணத்தின் மேல் வரி கேட்கும் உரிமை எந்த நாட்டுக்கு? அதற்குப் பதில் கிடைத்தால் கம்பெனி விஷயம் பாதி தானாகத் தெளிந்துவிடும்.

நான் கோவைப் பக்கம் பல வருடங்களாக ஆடிட்டர் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் ஏற்றுமதி என்றால் பம்ப், பனியன், ஸ்பின்னிங் மில் உதிரிபாகம். இப்போது லேப்டாப்போடு வரும் உங்களைப் போன்றவர்கள்தான் அதிகம். அவர்களிடம் நான் முதலில் சொல்வது, வரி பணம் வரும் ஊரைப் பார்ப்பதைவிட நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் ஊரைத்தான் பார்க்கிறது என்பது. நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். இன்னொரு அளவுகோலும் உண்டு: அந்த வருடம் 60 நாள், அதற்கு முந்தைய நான்கு வருடங்களில் மொத்தம் 365 நாள். இதே ஊரில் பிறந்து வளர்ந்து வேலை பார்த்த உங்களுக்கு இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. இந்தியாவில் வசிப்பவருக்கு உலகத்தில் எந்த மூலையில் வருமானம் வந்தாலும் இங்கே வரி உண்டு. பணத்தை டாலர் கணக்கிலேயே விட்டுவைத்தாலும், இந்தியாவுக்குக் கொண்டுவராவிட்டாலும் அதே கதைதான்.

அடுத்து அமெரிக்கா. அந்நாட்டுச் சட்டப்படி உழைப்புக்கான கூலி எந்த நாட்டில் சம்பாதித்தது என்பதை, வேலை எங்கே செய்யப்பட்டது என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். நீங்கள் அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ இல்லையென்றால், கோவை சாயிபாபா காலனியில் உட்கார்ந்து எழுதிய மென்பொருள் கோடுக்கு அமெரிக்க நிறுவனம் பணம் கொடுத்தாலும் அது அமெரிக்க மூல வருமானம் ஆகாது. அதனால் அங்கே பிடித்தம் செய்ய வேண்டியதில்லை. இதை அவர்கள் கோப்பில் உறுதிப்படுத்த ஒரு படிவம் கேட்பார்கள்: டபிள்யூ-8பென். நீங்கள் தனிநபராக இருந்தால் இது. கம்பெனியாக இருந்தால் டபிள்யூ-8பென்-இ. இதை வரித்துறைக்கு அனுப்புவதில்லை, அந்த நிறுவனத்திடம் கொடுத்தால் போதும். கையெழுத்திட்ட வருடத்துக்குப் பிறகு மூன்றாவது காலண்டர் வருடம் முடியும் வரை பொதுவாகச் செல்லும். 'வெளிநாட்டு வரி எண்' என்ற இடத்தில் உங்கள் பான் எண்ணைப் போடுங்கள். இந்தப் படிவத்தைக் கொடுக்காமல் விட்டால் சில நிறுவனங்களின் பணம் வழங்கும் மென்பொருளே ஒரு பங்கைப் பிடித்துவிடும், திரும்ப வாங்குவது பெரும்பாடு. முதல் இன்வாய்ஸுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

ஆக, உங்கள் நிலையில் இரட்டை வரி என்ற பயத்துக்கு இடமில்லை. வரி ஒரே இடத்தில்தான், அது இங்கே. நிலைமை மாறுவது நீங்கள் நேரில் அங்கே போய் வேலை செய்யும்போது. இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 15-ஆவது பிரிவுப்படி, தனிநபர் தொழில்முறையாளர் அங்கே ஒரு நிலையான அலுவலகம் வைத்திருந்தாலோ, வரி ஆண்டில் மொத்தம் 90 நாளோ அதற்கு மேலோ அங்கே தங்கினாலோ அங்கே செய்த வேலைக்கு அவர்கள் வரி கேட்கலாம். இரண்டு வாரம் கூட்டத்துக்குப் போய்வருவது அந்த வரம்பை எட்டாது. ஆனால் எந்த விசாவில் அங்கே என்ன வேலை செய்யலாம் என்பது குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது, என் துறை அல்ல. அதேபோல் அமெரிக்க மாநிலங்களுக்குத் தனித்தனி வரிச் சட்டம் உண்டு, அதிலும் நான் வாய் கொடுப்பதில்லை.

இப்போது இங்கே எவ்வளவு வரி என்று பார்ப்போம். இதில்தான் பலர் கையில் இருப்பதை விட்டுவிட்டு வேறெதையோ தேடுகிறார்கள். 1961 வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ என்று ஒரு பிரிவு 2016-இல் சேர்க்கப்பட்டது. குறிப்பிட்ட தொழில்களைச் செய்யும் வசிப்பாளர்கள், வருட மொத்த வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானம் என்று காட்டினால் போதும். ரொக்கமாக வந்தது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் இந்த வரம்பு 75 லட்சம். உங்களுக்கு எல்லாமே வங்கி வழியாக வருவதால் 75 லட்சம் என்றே எடுத்துக்கொள்ளலாம். மீதிப் பாதி செலவு என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. பில் கேட்பதில்லை, விரிவான கணக்குப் புத்தகம் வேண்டாம், வரித் தணிக்கையும் வேண்டாம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் 2025 வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. ஆனால் ஏற்பாடு அதேதான், ஊரில் எல்லோரும் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்கிறார்கள் என்பதால் நானும் அதையே எழுதுகிறேன்.

உங்கள் எண்ணையே போட்டுப் பார்க்கலாம். மாதம் 4 லட்சம், வருடத்துக்கு 48 லட்சம். பாதி 24 லட்சம் வருமானம். 2025-26 நிதியாண்டின் புதிய முறை விகிதப்படி முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஏறி, 24 லட்சத்தில் சரியாக 3 லட்சம் வரி வரும். அந்த வரியின் மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி சேர்த்தால் 3,12,000. அவ்வளவுதான். இதே 48 லட்சத்தை ஒரு பிரைவேட் லிமிடெட் வாங்கி, வேறு செலவு ஏதும் இல்லாமல் முழுவதையும் உங்களுக்கு இயக்குநர் சம்பளமாகக் கொடுத்தால், 75,000 நிலையான கழிவு போக 47.25 லட்சத்துக்கு வரி 10,37,400. வித்தியாசம் 7 லட்சத்துக்கு மேல். சம்பளமாக எடுக்காமல் கம்பெனியிலேயே லாபமாக வைத்தால் 115பிஏஏ பிரிவின் கீழ் மேல்வரி, செஸ் எல்லாம் சேர்ந்து 25.168 சதவீதம். பிறகு அதை டிவிடெண்டாக வெளியே எடுக்கும்போது உங்கள் கையில் இன்னொரு முறை வரி. கம்பெனி மூலம் உண்மையான செலவுகளைக் கழிக்கலாம் என்பார்கள், உண்மைதான். ஆனால் வீட்டிலிருந்து தனியாகக் கோடு எழுதுபவருக்கு 24 லட்சம் செலவு எங்கிருந்து வரும்? மின்சாரம், இணையம், ஒரு நல்ல நாற்காலி, இரண்டு வருடத்துக்கு ஒரு லேப்டாப். இவ்வளவு போட்டாலும் பக்கத்தில்கூட வராது.

இதில் உறுதியானதையும் சந்தேகத்துக்கு இடமுள்ளதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தகுதியான தொழில்கள் எவை என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது: சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள்அலங்காரம். இதோடு அறிவிக்கை மூலம் சேர்க்கப்பட்டவற்றில் தகவல் தொழில்நுட்பமும் உண்டு. மென்பொருள் எழுதுபவர் இதற்குள் வருவார் என்பதே பரவலான நடைமுறை, நானும் அப்படித்தான் தாக்கல் செய்கிறேன். ஆனால் கன்டென்ட் எழுதுபவர், கிராஃபிக் டிசைனர், சமூக ஊடகக் கணக்கைப் பார்த்துக்கொள்பவர் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் 44ஏடிஏ போடுவதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது, எனக்கும் அதில் தயக்கம் உண்டு. இன்னொரு சந்தேகம் உங்களையே தொடுவது. ஒரே ஒரு நிறுவனத்துக்கு மட்டும் வேலை, காலை முதல் மாலை வரை அவர்கள் சொல்லும் நேரம், அவர்கள் கொடுத்த லேப்டாப், விடுமுறைக்கு அவர்கள் அனுமதி, வருடாந்தர ஊதிய உயர்வு என்று இருந்தால், காகிதத்தில் கான்ட்ராக்டர் என்று எழுதியிருந்தாலும் இது சம்பளம்தான் என்று ஒரு அதிகாரி வாதிட இடம் இருக்கிறது. சம்பளம் என்று ஆகிவிட்டால் பாதி வருமானக் கணக்கு போய்விடும். இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது, மொத்த உறவையும் வைத்துத்தான் பார்ப்பார்கள். அதனால் ஒப்பந்தத்தில் வேலையின் விளைவு, அதை எப்படிச் செய்வது என்பதில் உங்கள் சுதந்திரம், வேறு வாடிக்கையாளர்களை எடுக்கும் உரிமை, மாதாமாதம் உங்கள் இன்வாய்ஸின் பேரில் பணம் ஆகியவை இருக்கட்டும். நடைமுறையும் அப்படியே இருக்கட்டும்.

மொத்த வரவு என்றால் மொத்தம்தான். நடுவில் ஒரு தளமோ பணப் பரிமாற்ற நிறுவனமோ கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பினால், கமிஷனுக்கு முந்தைய தொகையைத்தான் காட்ட வேண்டும். வங்கியில் விழுந்ததை மட்டும் கூட்டிப் போடுவது நான் அடிக்கடி திருத்தும் தவறு. அப்புறம், அமெரிக்க நிறுவனம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடிக்காது. அதனால் வருடம் முழுக்கப் பணம் முழுதாக வரும், வரி கட்டவேண்டிய நினைப்பே வராது. 44ஏடிஏ-வில் இருப்பவர் மார்ச் 15-க்குள் ஒரே தவணையாக முன்வரி (வருடம் முடிவதற்குள்ளேயே கட்டும் வரி) கட்டிவிடலாம். தவறினால் மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டி ஓட ஆரம்பிக்கும். ஒவ்வொரு மாதமும் வரவில் 7 சதவீதம் போல எடுத்துத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், உங்கள் அளவுக்கு அது போதும். மாநகராட்சிக்குக் கட்டும் தொழில் வரியையும் மறக்க வேண்டாம், அது வருடத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது.

ஜிஎஸ்டி பற்றி "ஏற்றுமதிதானே, ஜிஎஸ்டி எதற்கு" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வரி இல்லை என்பது சரி, பதிவு வேண்டாம் என்பது தவறு. சேவை வழங்குபவரின் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம், அந்தக் கணக்கில் ஏற்றுமதியும் சேரும். உங்களுக்கு ஐந்தாறு மாதத்திலேயே தாண்டிவிடும். பதிவு செய்த பிறகு இரண்டு வழி உண்டு. 18 சதவீதம் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் உரிய ஜிஎஸ்டி) கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பது ஒன்று. எல்யூடி என்ற உறுதிமொழியை ஜிஎஸ்டி தளத்திலேயே தாக்கல் செய்து வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வது இன்னொன்று. இரண்டாவதுதான் உங்களுக்கு. கட்டணம் இல்லை, சில நிமிட வேலை. ஆனால் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டும், ஏப்ரலின் முதல் இன்வாய்ஸுக்கு முன்னால்.

இங்கேதான் சரக்கு ஏற்றுமதிக்கும் உங்கள் ஏற்றுமதிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வருகிறது. திருப்பூரிலிருந்து பனியன் போனால் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்கத்துறையே ஷிப்பிங் பில் மூலம் சாட்சி சொல்லும். நீங்கள் அனுப்பும் கோடுக்கு அப்படிச் சாட்சி யாரும் இல்லை. சேவை ஏற்றுமதி என்று ஏற்க, கொடுப்பவர் இந்தியாவில், பெறுபவர் வெளியே, சேவை போய்ச் சேரும் இடம் வெளியே, பணம் அந்நியச் செலாவணியில் (அல்லது ரிசர்வ் வங்கி அனுமதித்த வகையில் ரூபாயில்), இருவரும் ஒரே ஆளின் இரண்டு கிளைகளாக இல்லாமல் இருப்பது என்று சட்டம் நிபந்தனை வைத்திருக்கிறது. இதையெல்லாம் நிரூபிக்க உங்களிடம் இருப்பது மூன்றே காகிதம்: ஒப்பந்தம், இன்வாய்ஸ், வங்கி கொடுக்கும் அந்நியப் பணவரவு ஆவணம். மூன்றிலும் பெயர், தொகை, வேலை விவரம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இன்வாய்ஸில் உங்கள் ஜிஎஸ்டி எண், மென்பொருள் வடிவமைப்பு மற்றும் உருவாக்கத்துக்கான சேவைக் குறியீடு 998314, டாலர் தொகை, எல்யூடியின் கீழ் ஐஜிஎஸ்டி செலுத்தாமல் செய்யும் ஏற்றுமதி என்ற வாசகம் ஆகியவை கட்டாயம். இன்வாய்ஸ் தேதியிலிருந்து விதிகள் அனுமதிக்கும் காலத்துக்குள் பணம் வராவிட்டால் வரியும் வட்டியும் கட்டச் சொல்வார்கள்.

அந்த வங்கி ஆவணத்தில் 'பர்ப்பஸ் கோட்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. இதில் எதையும் சொல்லாமல் விட்டால் கவுன்டரில் இருப்பவர் தனக்குத் தெரிந்ததைப் போட்டுவிடுவார். ஒருமுறை ஒரு பெண் டெவலப்பர் ஒரு வருட ஆவணங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அத்தனையிலும் பி1301. அது வெளிநாட்டில் இருப்பவர் குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணத்துக்கான குறியீடு. இன்வாய்ஸ் ஏற்றுமதி என்கிறது, வங்கியோ மாமனோ மச்சானோ அனுப்பிய பணம் என்கிறது. வங்கிக்குக் கடிதம் கொடுத்து ஒவ்வொரு வரவாகத் திருத்தி வாங்க மாதக்கணக்கில் ஆனது. முதல் பணம் வந்த அன்றே அந்தக் கட்டத்தைப் பாருங்கள். சேமிப்புக் கணக்கில் வாங்காமல் நடப்புக் கணக்கு திறந்து, வரும் பணம் எதற்கானது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

ஜிஎஸ்டியில் இன்னும் இரண்டு இடங்கள் கவனிக்க வேண்டியவை. நீங்கள் வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாக வாங்கும் மென்பொருள் சந்தாவுக்குப் பதிவு பெற்றவர் என்ற முறையில் விற்பவருக்குப் பதிலாக நீங்களே 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்ட வேண்டும், இதற்கு ரிவர்ஸ் சார்ஜ் என்று பெயர். பிறகு அதை உள்ளீட்டு வரியாக எடுத்துத் திரும்பக் கேட்கலாம். மாதம் இருபது டாலர் சந்தாவை யாரும் நினைவில் வைப்பதில்லை, ஆனால் நோட்டீஸ் வருவது இப்படிப்பட்ட இடத்திலிருந்துதான். இன்னொன்று 'இடைத்தரகர்' சிக்கல். நீங்களே செய்யும் வேலைக்கு இது பொருந்தாது. ஆனால் அந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் ஆள் பிடித்துக் கொடுப்பது, வாடிக்கையாளர் தேடிக் கொடுப்பது என்று போனால், சேவை நடந்த இடம் இந்தியா என்று சொல்லி 18 சதவீதம் கேட்டு நிறைய வழக்குகள் நடந்திருக்கின்றன. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் அந்த விதியை நீக்கப் பரிந்துரைத்தது. பழைய காலத்து இன்வாய்ஸ்களுக்குப் பழைய விதிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, டெலவேர். உங்கள் நண்பர் சொல்வது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. வெளிநாட்டவர் ஒருவர் மட்டும் உரிமையாளராக இருக்கும் எல்எல்சியை அமெரிக்க வருமான வரி தனி ஆளாகப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் அலுவலகமோ ஊழியரோ இல்லாமல் வேலை முழுவதும் வெளியே நடந்தால் பொதுவாக அங்கே வருமான வரி வராது. யூடியூப் வீடியோக்கள் இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால் நீங்கள் கோவையில்தானே இருக்கிறீர்கள்? இந்தியச் சட்டத்தின் பார்வையில் அந்த எல்எல்சி ஒரு வெளிநாட்டு கம்பெனி, அதன் ஒரே வேலை ஒரே ஆளால் இந்தியாவில் நடக்கிறது. வெளிநாட்டு கம்பெனிக்கு இங்கே வரி விகிதம் 35 சதவீதம், செஸ் தனி. நிர்வாகம் உண்மையில் எங்கே நடக்கிறது என்று பார்க்கும் விதி, வருட வரவு 50 கோடியைத் தாண்டாத கம்பெனிகளுக்குப் பொருந்தாது என்று 2017-இல் நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டது உண்மை. அதை வைத்துத் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டு அறையே அந்தக் கம்பெனியின் நிலையான தொழிலிடம் (அதன் லாபத்துக்கு இங்கே வரி கேட்க இடம் தரும் நிரந்தர அலுவலகம்) என்ற வாதம் அந்தச் சுற்றறிக்கையால் அடைபடவில்லை. எவ்வளவு லாபத்தை அதற்கு ஒதுக்குவார்கள் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் பார்வையில், 3,12,000 வரியில் முடியும் ஒரு விஷயத்தை எடுத்து இந்த வாதத்துக்குள் கொண்டுபோய் வைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

செலவும் தாக்கலும் தனி. டெலவேருக்கு வருடம் 300 டாலர். அமெரிக்க வரித்துறைக்கு 5472 என்ற தகவல் படிவம், வரியே இல்லாவிட்டாலும் கட்டாயம். போடாவிட்டால் அபராதம் 25,000 டாலர். இந்தியப் பக்கம், வெளிநாட்டு கம்பெனியில் பங்கு எடுப்பது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு முதலீடு. 2022 ஆகஸ்டில் வந்த விதிகளின்படி பணம் அனுப்புவதற்கு முன்னால் வங்கி மூலம் படிவம் கொடுத்துத் தனி அடையாள எண் வாங்க வேண்டும், வருடாவருடம் டிசம்பர் 31-க்குள் அறிக்கை தர வேண்டும். இணையத்தில் கிரெடிட் கார்டைத் தேய்த்து அரை மணி நேரத்தில் எல்எல்சி திறந்தவர்கள் இதில் ஒன்றையும் செய்திருக்க மாட்டார்கள். அப்புறம் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல். கம்பெனி, அதன் வங்கிக் கணக்கு, கையெழுத்து அதிகாரம், எல்லாம் அதில் வர வேண்டும். மறைத்தால் 2015-இன் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் உண்டு. வெளியே முதலீட்டாளர் வருகிறார், அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குச் சொந்தத் தயாரிப்பை விற்கப் போகிறீர்கள் என்றால் டெலவேர் பற்றி நிதானமாகப் பேசலாம். ஒரு மாதாந்தர இன்வாய்ஸுக்காக வேண்டவே வேண்டாம்.

இங்கே பிரைவேட் லிமிடெட் போடுவதற்கு நான் எதிரி இல்லை. நாளைக்கு மூன்று நான்கு பேரை வேலைக்கு வைக்கப் போகிறீர்கள், வரவு 75 லட்சத்தைத் தாண்டுகிறது, செலவு நிஜமாகவே பாதிக்கு மேல் போகிறது, ஒப்பந்தத்தில் நஷ்டஈட்டுப் பொறுப்பு பெரிதாக இருக்கிறது, அல்லது அந்த நிறுவனமே 'தனிநபரோடு ஒப்பந்தம் போட மாட்டோம்' என்கிறது. இவையெல்லாம் கம்பெனிக்கு நல்ல காரணங்கள். ஆனால் கம்பெனி என்றால் ஒரு ரூபாய் வரவு இல்லாத வருடத்திலும் தணிக்கை கட்டாயம், பதிவாளரிடம் வருடாந்தரப் படிவங்கள், தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய். ஒப்பந்தம் முடிந்த பிறகு கம்பெனியை மூடவும் ஒரு நடைமுறை உண்டு, அதை யாரும் தொடங்கும்போது சொல்வதில்லை. ஒரு நபர் கம்பெனிக்கும் இதே தணிக்கைதான். எல்எல்பி என்ற வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையில் வரவு 40 லட்சத்துக்குள்ளும் மூலதனம் 25 லட்சத்துக்குள்ளும் இருந்தால் தணிக்கை இல்லை, ஆனால் 44ஏடிஏ அதற்குக் கிடையாது, லாபத்துக்கு நேராக 30 சதவீதம். சாதாரணக் கூட்டாண்மை நிறுவனத்துக்கு 44ஏடிஏ உண்டு. நீங்களும் அதே தொழில் செய்யும் இன்னொருவரும் உண்மையிலேயே சேர்ந்து வேலை செய்தால் அதை யோசிக்கலாம்.

பொறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தனிநபராக ஒப்பந்தம் போட்டால் ஏதாவது தவறு நடந்தால் உங்கள் சொந்தச் சொத்து வரை வரலாம் என்று பயமுறுத்துவார்கள். பயம் நியாயமானது. அதற்கு முதல் மருந்து ஒப்பந்தத்திலேயே இருக்கிறது: நஷ்டஈடு எந்தக் காரணத்துக்காக இருந்தாலும் கடைசி மூன்று மாதமோ ஆறு மாதமோ வாங்கிய கட்டணத்தைத் தாண்டாது என்று ஒரு உச்சவரம்பு கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பேசினால் ஒத்துக்கொள்கின்றன, கேட்பவர்கள்தான் குறைவு. இந்தியாவில் அவர்கள் சார்பாக ஒப்பந்தம் போடும் அதிகாரமோ, 'இந்தியத் தலைவர்' போன்ற பட்டமோ உங்களுக்குத் தர வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது அவர்களுக்கு இந்தியாவில் நிலையான தொழிலிடம் உண்டாக்கி, அவர்களின் லாபத்தின் மேல் இங்கே வரி வரும் நிலையைக் கொண்டுவரக்கூடும். அந்தச் சண்டையில் முதலில் அடிபடுவது உங்கள் ஒப்பந்தம்தான்.

துபாய் போய்விடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வெறும் மூன்று மாதம் தங்கினால் எதுவும் மாறாது, நாள் கணக்கு இங்கேயே நிற்கும். நிஜமாகவே இடம்பெயர்ந்தால் அது வேறு கணக்கு. அங்கே போனபின் இந்திய மூலத்திலிருந்து 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ள இந்தியக் குடிமகன், வேறு எந்த நாட்டிலும் வசிப்பாளர் என்ற முறையில் வரிக்கு உட்படாதவர் என்றால், அவரை இந்திய வசிப்பாளராகவே கருதும் விதி 2020-21 முதல் இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று. ஒப்பந்தத்தில் பங்கு விருப்பத் திட்டமும் (கம்பெனியின் பங்கைக் குறிப்பிட்ட விலையில் பின்னால் வாங்கும் உரிமை) தருவார்கள் என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அமெரிக்க கம்பெனியின் பங்கு உங்கள் பெயரில் வந்த வருடத்திலிருந்து, மதிப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும், 44ஏடிஏ-காரர்கள் வழக்கமாகப் போடும் எளிய ஐடிஆர்-4 படிவம் உங்களுக்கு இல்லை. ஐடிஆர்-3 போட்டு, அதில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலை நிரப்ப வேண்டும். அந்தப் பட்டியல் மட்டும் நிதியாண்டுக் கணக்கில் இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலண்டர் வருடக் கணக்கில் போகும். டாலரில் பணம் தங்கும் வெளிநாட்டு இணையப் பணக்கணக்கு ஏதாவது உங்கள் பெயரில் இருந்தாலும் அதையும் ஆடிட்டரிடம் காட்டுங்கள். பாதி வருமானக் கணக்குக்கு இதனால் பாதிப்பு இல்லை, மாறுவது படிவம்தான். பழைய வேலையில் இந்த வருடம் வாங்கிய சம்பளத்துக்கான படிவம் 16-ஐயும் அதே தாக்கலில் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதனால் முன்வரி கணக்கிடும்போது சம்பளத்தையும் கூட்டியே விகிதம் பாருங்கள். நான் மேலே போட்ட 3,12,000 முழு வருடக் கான்ட்ராக்டருக்கான தொகை, முதல் வருடத்தில் உங்களுக்கு அது வேறாக இருக்கும்.